முல் என்றால் தண்ணீர்

கொரியா மொழி படிக்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை. நான் போனது துண்டு கொடுக்க.

செல்லூரில் எங்கள் வீட்டின் முன்பாதியில் விசைத்தறி ஓடியது. பின்பாதியில் நாங்கள் குடியிருந்தோம். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். பி.ஏ. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். நாகமலை புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில், வயல்களை ஒட்டி ஒரு குழந்தைகள் இல்லம் இருந்தது. பிள்ளைகளுக்கு வேண்டிய துண்டுகளை அப்பாவிடம்தான் சொல்லி நெய்து வாங்குவார்கள். அந்த முறை வழக்கமாகக் கொண்டுபோகிறவருக்குக் காய்ச்சல்.

"நீ சும்மாதான இருக்க? சிம்மக்கல்லுல பஸ் ஏறினா வாசல்லயே இறக்கி விட்ருவான். குடுத்துட்டு வந்துரு" என்றார் அப்பா.

மூட்டையை இறக்கி வைத்ததும் அந்த இல்லத்தை நடத்திய அம்மா என் படிப்பை விசாரித்தார். எல்லாரும் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நரைக்கத் தொடங்கிய தலை, வேகமான நடை, பேசும்போதே அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடுகிற கால்கள். பி.ஏ. என்று சொன்னதுதான் தாமதம், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இங்கிலீஷ் தெரியும்ல? கொஞ்சம் உள்ள வாம்மா. கொரியாவுல இருந்து ஒரு பொண்ணு வந்திருக்கு. பிள்ளைகளப் பாத்துக்கிற வேலைக்கு அவுக சபையில இருந்து அனுப்பியிருக்காங்க. வந்து ஒரு மாசமாச்சு. அது சொல்றது எங்களுக்குப் புரியல, நாங்க சொல்றது அதுக்குப் புரியல. தலைய மட்டும் ஆட்டுது."

உள்ளே கிணற்றடியில் ஒரு பெண் நின்று சின்னப் பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். குட்டை முடி, மணிக்கட்டு வரை மூடிய சட்டை, வெயிலில் சிவந்த கன்னம். தன் ஊரில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் என்று பிறகு தெரிந்தது. நான் என் பி.ஏ. ஆங்கிலத்தை எடுத்து விட்டேன். அவளும் பதிலுக்குத் தன் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். இருவரும் கொஞ்ச நேரம் முயன்று பார்த்துவிட்டு ஒரே சமயத்தில் சிரித்துவிட்டோம். அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே லட்சணம். அந்தச் சிரிப்புதான் எங்களுக்குள் முதலில் சரியாகப் புரிந்த பேச்சு.

மறுபடி எப்போது வருவாய் என்று பெரியம்மா கேட்டார். வாரத்தில் சில நாள் மதியத்துக்குமேல் வந்து பெரிய பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன் என்றேன். அந்த நிமிடத்தில் வாயில் வந்ததுதான். தறிச் சத்தத்துக்குமேல் கத்தியே பேசிப் பழகின வீட்டிலிருந்து வந்த எனக்கு, வேப்பமரத்தில் அணில் ஓடுகிற சத்தம் கேட்கிற இடம் பிடித்துப்போயிருக்க வேண்டும்.

ஆங்கிலம் கைகொடுக்காததால் நாங்கள் பொருளைத் தொட்டுக் காட்டிப் பேசத் தொடங்கினோம். நான் தமிழில் சொல்வேன், அவள் அவள் மொழியில் சொல்வாள். மதுரையில் எங்கும் கொரியா மொழிப் புத்தகம் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த என் தோழி அங்கே நூலகத்தில் கேட்டுப் பார்த்து, "அங்க இருக்கிறவரு என்னை ஒரு மாதிரி பாக்குறாருடி" என்று திரும்பி வந்தாள். அதனால் எல்லாம் வாய்வழிதான். என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்று விரல் மடக்கிக் காட்டினாள். ஒரு பெண் தன் அக்காவைக் கூப்பிடுவதுபோல 'ஒன்னி' என்று கூப்பிட வேண்டும் என்றாள். அன்றிலிருந்து அவள் எனக்கு ஒன்னி.

நான் பயந்த அளவுக்கு அந்த மொழி அன்னியமாக இல்லை. அவர்களுக்கும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். சோற்றைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன் என்பதை நாம் சொல்கிற அதே வரிசையில் அவர்களும் சொல்வார்கள். 'வா' என்றால் வாதான். மரியாதை வேண்டுமென்றால் 'வாயோ' என்று ஒரு வால் சேர்ப்பார்கள், நம் 'வாங்க' மாதிரி. சில சொற்கள்தான் சிக்கலில் மாட்டிவிடும். ஒரு நாள் கோடைமழை பிடித்தபோது ஒன்னி சின்னப் பிள்ளைபோல் முற்றத்துக்கு ஓடி, வானத்தைக் காட்டி, "பீ! பீ!" என்று கத்தினாள். அவர்கள் மொழியில் மழைக்கு அதுதான் பெயர். பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். விஷயத்தை நான் எப்படியோ சைகையில் விளக்கியதும் அவள் முகம் சிவந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அதன்பிறகு மழை வந்தால் அந்த இல்லத்தில் எல்லாருக்குமே அதுதான் பெயர்.

இன்னொரு நாள் அப்பாவுக்கு என்ன சொல் என்று கேட்டேன். "அப்பா" என்றாள். நான் அசந்துபோனேன். பிறகு கையில் சிராய்ப்போடு ஒரு பிள்ளை வந்தபோது, வலிக்கிறது என்பதற்கு என்ன சொல் என்று கேட்டேன். அதற்கும் "அப்பா" என்றாள். இரண்டும் ஒன்றா என்றேன். இல்லை, இல்லை என்று கையை ஆட்டினாள். ஒரு வேப்பிலையை எடுத்துத் தன் உதட்டருகில் பிடித்துக்கொண்டு முதல் சொல்லைச் சொன்னாள், இலை அசையவில்லை. வலிக்கிறது என்று சொன்னபோது வாயிலிருந்து ஊதினமாதிரி காற்று வந்து இலை ஆடியது. என் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. நான் சொன்னபோது இலை ஒரு தடவைகூட ஆடவில்லை.

"கொரியாவுல யாருக்குத்தா துண்டு விக்கப் போற?" என்று வீட்டில் அப்பா கேலி செய்வார். ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டின்போது இன்றைக்கு என்ன சொல் படித்தாய் என்று கேட்காமல் இருக்கமாட்டார்.

அந்த இல்லத்தில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றவளைப் போலீஸ்காரர்கள் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மூன்று வயதுக்குமேல் இருக்கும் என்று மதிப்பு. வந்து ஒரு வருஷத்துக்குமேல் ஆகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால் சில சமயம் திரும்புவாள், சில சமயம் திரும்பமாட்டாள். ஊமை என்று ஒரு சிலர் முடிவே கட்டிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது அவள் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

தமிழ் தெரியாத ஒன்னிக்கும் அந்தக் கூட்டத்தில் வேலையில்லாத நேரம் நிறைய இருந்தது. அவள் அந்தப் பெண்ணை மடியில் வைத்துத் தலை சீவுவாள். சீவும்போது அவள் காதருகே தன் மொழியில் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். சாப்பாடு ஊட்டும்போது முகத்துக்கு நேரே குனிந்து பேசுவாள். புரிகிறதா என்று அவள் கவலைப்படவில்லை. தன் மொழியைப் பேச அவளுக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஒரு மதியம் நான் போனபோது சமையல்கட்டில் ஒரே களேபரம். சமையல் செய்கிற அக்கா அந்தச் சின்னப் பெண்ணைத் தூக்கி அம்மியில் உட்காரவைத்து, அவள் பாதத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். குரல் கிணற்றடி வரை கேட்கும்.

"ஏத்தா, இங்க வா! பிள்ள பேசிருச்சு! முள்ளு முள்ளுன்னு சொல்லுது. எம்புட்டு நேரமாத் தேடுறேன், ஒரு முள்ளையும் காணோம்!"

"முல்" என்றாள் அந்தப் பெண் மறுபடியும், பானையைப் பார்த்துக்கொண்டு.

முல் என்றால் கொரியா மொழியில் தண்ணீர். நான் டம்ளரில் மொண்டு கொடுத்தேன். மடக்மடக்கென்று குடித்துவிட்டு, "தோ" என்றாள். இன்னும் வேண்டும் என்று அர்த்தம். சமையல்கார அக்கா வாயில் கைவைத்துக்கொண்டார். ஒன்னியை ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். அவள் வந்து, கேட்டு, அப்படியே சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரியம்மாவுக்குச் சந்தோஷமும் குழப்பமும் ஒன்றாக வந்தன. "பேசினதே பெரிசு. ஆனா நம்ம பிள்ள நம்ம பாஷையில பேசாம இப்படிப் பேசினா நான் யாரக் கூட்டிட்டு வந்து அர்த்தம் கேக்க?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஒழுங்காப் படிச்சிக்கோம்மா."

அதன்பிறகுதான் நான் உண்மையிலேயே கொரியா மொழி படித்தேன். எனக்குப் போட்டி அந்தச் சின்னப் பெண்தான். அவள் ஒன்னியை 'இமோ' என்று கூப்பிட்டாள். தாயின் சகோதரி என்று அர்த்தம். அம்மா என்றே கூப்பிடட்டுமே என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு ஒன்னி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தான் ஒரு நாள் ஊருக்குப் போய்விட வேண்டியவள், சித்தி போகலாம், அம்மா போகக் கூடாது என்று சொன்னாள். அவள் பேசியதில் நான் சைகை இல்லாமல் முழுதாகப் புரிந்துகொண்ட முதல் நீளமான பேச்சு அது. என்னை அந்தப் பெண் 'ஒன்னி' என்றாள். நான் ஒன்னியை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்த அந்தச் சொல்லை எடுத்து என்மேல் ஒட்டிவிட்டாள். நான் உச்சரிப்பைத் தப்பாகச் சொன்னால் முகத்தைச் சுளித்து, சரியாக ஒரு முறை சொல்லிக் காட்டுவாள். பிடிக்காததற்கு "சிரோ" என்பாள். கத்தரிக்காய் என்றால் எப்போதும் சிரோதான்.

ஐப்பசி பிறக்கும் முன்பு ஒன்னியின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தது. கிளம்பும்போது அந்தப் பெண்ணைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டு, "பேசிக்கொண்டே இரு" என்று மட்டும் சொன்னாள். எந்த மொழியில் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த கொரியா மொழி அம்புட்டையும் நான் அவளோடு பேசினேன். என்னிடம் இருந்ததோ கைப்பிடி அளவு. மழை பெய்கிறது, சோறு தின்னலாம், நாய் வருகிறது, தூங்கு. திருப்பித் திருப்பி அதையே சொன்னாலும் அவள் சலிக்காமல் பதில் சொன்னாள்.

தீபாவளி நெருங்கியதும் எங்கள் வீட்டில் தறி நிற்க நேரமில்லை. நூல் சுற்ற என் கையும் வேண்டியிருந்ததால் சில நாள் இல்லத்துக்குப் போக முடியவில்லை. போன அன்று பெரியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"பிள்ள அப்பாவக் கேக்குதும்மா. நேத்துல இருந்து அப்பா, அப்பான்னு ஒரே அழுகை. அதுக்கு நெனப்பு திரும்பிருச்சு. ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டுல மறுபடி விசாரிக்கச் சொல்லியிருக்கேன். அப்பன்னு ஒருத்தன் எங்கயோ இருக்கான்ல?"

ஒரு வருஷமாக மனதுக்குள் வைத்திருந்த சொல்லை இன்றைக்கு எடுத்திருக்கிறாளே என்றுதான் நானும் நினைத்தேன். உள்ளே சமையல்கார அக்கா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். "ரெண்டு வேளையாப் பருக்கை இறங்கல" என்றார். நான் கையை நீட்டியதும் என்னிடம் தாவினாள். உடம்பு கொதித்தது. என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அப்பா... அப்பா..." என்று முனகினாள்.

ஒவ்வொரு முறை சொல்லும்போதும் என் கழுத்தில் சூடாகக் காற்று அடித்தது.

எனக்கு வேப்பிலை ஞாபகம் வந்தது. அவளை நிமிர்த்தி, முகத்துக்கு நேரே பிடித்து, "ஒதி அப்பா?" என்று கேட்டேன். எங்கே வலிக்கிறது?

அழுகை சட்டென்று நின்றது. அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்ல? இத்தனை நேரம் எங்கே போயிருந்தாய் என்பதுபோல இருந்தது. என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வலது காதின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். "குவி" என்றாள். காது.

"பெரியம்மா, அவ அப்பாவத் தேடல. காது வலிக்குதுன்னு சொல்றா."

பெரியம்மா பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "வலியச் சொல்லியிருக்கு," என்றார் பிறகு, மெதுவாக. "நான் அப்பனத் தேடிட்டு இருந்திருக்கேன்." அவ்வளவுதான். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "கிளம்பு, பெரியாஸ்பத்திரிக்கு" என்றார்.

டவுன் பஸ்ஸில் தீபாவளிக் கூட்டம். துணிப் பைகளுக்கு நடுவே ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் காதை வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அவள் திமிறினாள். நான் காதருகே குனிந்து, கொஞ்சம்தான், கொஞ்சம்தான் என்று எனக்குத் தெரிந்த மொழியில் சொல்லச் சொல்ல அடங்கினாள்.

"என்ன பாஷை இது?" என்றார் டாக்டர்.

"கொரியா, டாக்டர்."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். எண்ணெய் வைத்துப் பின்னிய சடை, சீட்டிப் பாவாடை. "இந்தப் பாப்பா கொரியாவா?"

"இல்ல டாக்டர், மதுரதான். பாஷை மட்டும்தான் கொரியா" என்றார் பெரியம்மா.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். உள்ளே சீழ் கட்டியிருந்தது. இரண்டு காதிலுமே பழைய சீழின் அடையாளம் இருக்கிறது, இத்தனை நாளும் இவளுக்குச் சரியாகக் கேட்டிருக்காது, பக்கத்தில் வந்து பேசினதுதான் காதில் விழுந்திருக்கும் என்றார். நானும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முகத்துக்கு நேரே குனிந்து, காதருகே பேசியவள் ஒருத்திதான். அவள் பேசியது கொரியா மொழி.

மருந்தும் சுத்தம் செய்வதுமாகக் கார்த்திகை முழுக்கப் போய்வந்தோம். ஒரு நாள் திரும்பி வரும்போது, பஸ்ஸின் ஹாரன் சத்தத்துக்கு அவள் திடுக்கிட்டுக் காதைப் பொத்தினாள். பெரியம்மா பஸ்ஸிலேயே கைதட்டினார். அதன்பிறகு தமிழ் அவளுக்குள் மடை திறந்தமாதிரி இறங்கியது. அதிலும் யாருடைய தமிழ்? சமையல்கார அக்காவுடையது. மார்கழியில் ஒரு நாள் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "எனக்கு இம்புட்டுச் சோறு ஆகாதுத்தா" என்றாள். பக்கத்தில் நின்றிருந்த அக்காவுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

தமிழ் வரவர மற்றது போய்க்கொண்டிருந்தது. நான் கொரியா மொழியில் ஒன்று கேட்டால் தமிழில் பதில் வரும். அப்புறம் கேட்டதே புரியாமல் என் வாயைப் பார்ப்பாள். ஒன்னி வந்தால் என்ன நினைப்பாளோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, அதிலும் பாதி கரைந்துபோயிருந்தது.

பொங்கல் கழிந்து ஒன்னி வந்தாள். அவள் அப்பா பிழைத்துக்கொண்டார். கொஞ்சம் இளைத்திருந்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முழங்காலிட்டு, கையை விரித்து, தன் மொழியில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். அவள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இமோ! ஏன் இம்புட்டு நாளா வரல? நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டாக. நான் அழுகவே இல்ல."

ஒன்னி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அதைக் கொரியா மொழியில் சொன்னேன். முன்பு அந்தப் பெண்ணின் பேச்சை எங்களுக்குச் சொன்னவள் ஒன்னி. இப்போது நான் அவளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடித்ததும், "இவள் உன் மொழியை மறந்துகொண்டிருக்கிறாள், நான் நிறுத்திவைக்கப் பார்த்தேன், முடியவில்லை" என்றும் சேர்த்தேன்.

ஒன்னியின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவள் வருத்தப்படவில்லை. அந்தப் பெண்ணை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு சொன்னாள்: "இவள் இருக்கப்போகிற ஊரில் எல்லாருக்கும் இவள் பேசுவது புரிகிறதல்லவா? வேறென்ன வேண்டும்? இனி நான் படிக்கிறேன்." காது விஷயத்தை அவளுக்கு விளக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுதும் பிடித்தது. கேட்டுவிட்டு அந்தக் காதுகளை இரண்டு கையாலும் மூடித் திறந்து, மூடித் திறந்து விளையாட்டுக் காட்டினாள்.

சொன்னபடியே படித்தாள். மறுநாளிலிருந்து சிலேட்டோடு சின்னப் பிள்ளைகள் வகுப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ழகரம் வராமல் அவள் திணறும்போது பிள்ளைகள் கூட்டமாகச் சொல்லிக் கொடுப்பார்கள். சாயங்காலங்களில் நாங்கள் இருவரும் வாய்க்கால் கரையில் நடப்போம். அவள் தமிழில் கேட்பாள், நான் கொரியா மொழியில் பதில் சொல்வேன். வயலில் வேலை பார்க்கிறவர்கள் நிமிர்ந்து, யாருக்கு எது சொந்த பாஷை என்று தெரியாமல் விழிப்பார்கள். எனக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. பெரியம்மாதான் ஒரு நாள், "இங்கயே டீச்சரா இருந்துரும்மா. எப்படியும் தினமும் வந்துகிட்டுத்தான இருக்க" என்றார். அப்பா மறுப்புச் சொல்லவில்லை. நான் சேர்ந்துவிட்டேன். அதற்கு முன்போ பின்போ நான் எடுத்த எந்த முடிவும் அவ்வளவு சுலபமாக இருந்ததில்லை.

ஒன்னி அதற்குப் பின் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் தன் ஊருக்குப் போனாள். போவதற்குள் மதுரைத் தமிழே பேசத் தொடங்கிவிட்டாள். ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "போயிட்டு வாரேன்த்தா" என்றாள். அருகிலிருந்த பயணிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சின்னப் பெண் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அவளைத் தேடி யாரும் வரவில்லை. அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை. கேட்கிற வயது வந்தபோது பெரியம்மா தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் மாதமே வகுப்பு டீச்சர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் பெரியம்மாவும் பயந்துகொண்டே போனோம்.

"படிப்பெல்லாம் நல்லாப் படிக்குது" என்றார் டீச்சர். "ஆனா வாய் ஓயமாட்டேங்குது. பக்கத்துல யார உக்கார வச்சாலும் பேச்சு, பேச்சு. நீங்கதான் கொஞ்சம் கண்டிச்சு வைக்கணும்."

சரி டீச்சர், கண்டிக்கிறோம் என்று பெரியம்மா பணிவாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும் பள்ளிக்கூட வாசலில் இலந்தைப்பழம் விற்றுக்கொண்டிருந்தவளிடம் ஒரு பொட்டலம் வாங்கிச் சின்னப் பெண்ணின் கையில் கொடுத்தார். அவள் அதை மென்றுகொண்டே, வகுப்பில் அன்று நடந்த கதை அத்தனையையும் இல்லம் வந்து சேரும்வரை எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.